எடை 61 கிலோ, ட்ரைகிளிசரைடு 312: லேபில் தப்பா?

திருவாரூர்த் தம்பியின் கேள்வி, 2 நவம்பர் 2025

வயது 41, உயரம் 168, எடை 61. சுகர் தெரிந்து மூன்று வருஷம் ஆகிறது. தீபாவளி முடிந்து லிப்பிட் டெஸ்ட் எடுத்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 188, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 31, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 95, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் கொழுப்பு) 312. சுகரின் மூன்று மாதச் சராசரி 8.4. வீட்டில் என்னை ஒல்லிக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய்ப் பலகாரம் தொடுவதில்லை. இந்த உடம்பில் எங்கிருந்து 312 வரும்? வேறு யாருடைய ரத்தமாவது மாறிவிட்டதா? எடை சரியாக இருக்கிறவனுக்குக் கொழுப்பு மாத்திரை எதற்கு?

2 நவம்பர், இரவு

மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை தம்பி. திருச்சியில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது, சுற்றுவது, மெஷினில் வைப்பதுதான் என் வேலை. எனக்கும் சுகர் உண்டு. உங்களுடையது போன்ற ரிப்போர்ட் தினமும் கைக்கு வருகிறது. ட்ரைகிளிசரைடு மேலே, எச்டிஎல் கீழே, மொத்தக் கொலஸ்ட்ரால் மட்டும் ‘நார்மல்’ கட்டத்துக்குள். டைப் 2 சர்க்கரையில் வழக்கமாக வருகிற சேர்க்கை இது. எடைக்கும் இதற்கும் நீங்கள் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்லை.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுத்தீர்களா? இடுப்புச் சுற்றளவு எவ்வளவு? பேன்ட் அளவைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே நிற்பது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை விட்டபிறகு பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம்.

3 நவம்பர், காலை

டியூட்டிக்குப் போகும் முன் ஒரு கணக்கு. பெரும்பாலான லேபில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். 1972-ல் ஃப்ரீட்வால்ட் சொன்ன சூத்திரம். உங்களுக்கு 188-ல் 31 போனால் 157. அதில் 62 போனால் 95. ஆக உங்கள் எல்டிஎல் கணக்குப் போட்டு வந்தது. ட்ரைகிளிசரைடு 400 தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. 312-லேயே கொஞ்சம் குறைத்துக் காட்ட வாய்ப்பு உண்டு.

அதனால் சுகர் உள்ளவர்கள் அந்த 157-ஐப் பார்க்க வேண்டும். எச்டிஎல் தவிர்த்த மீதி முழுக்க அதில் அடக்கம். ரத்தக் குழாயில் படியக்கூடிய சரக்கு எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் இதற்கான இலக்கு. 100-க்குக் கீழே என்று டாக்டர் சொன்னால், இது 130-க்குக் கீழே. உங்களுக்கு 157.

3 நவம்பர், இரவு

டியூப்பைப் பற்றிச் சொல்கிறேன், ஒல்லி என்றால் கொழுப்பு இருக்காது என்ற நினைப்பு எனக்குப் போனது அங்கேதான். ரத்தத்தை உறையவிட்டு சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே சீரம் நிற்கும். நல்ல சீரம் வெளிர் மஞ்சள். டியூப்புக்குப் பின்னால் விரலை வைத்தால் ரேகை வரை தெரியும். ட்ரைகிளிசரைடு 300-ஐத் தாண்டத் தாண்ட மங்கல் தட்டும். 1000-க்கு மேலே போனதை எடுத்துப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும், விரல் இருக்கும் இடமே தெரியாது. அப்படி ஒரு டியூப் வந்தால் நாங்கள் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருப்பதில்லை, டாக்டருக்கு உடனே போன் போட்டுவிடுவோம். 500 தாண்டினாலே கணையம் வீங்கும் ஆபத்து தொடங்குகிறது, 1000-ல் அது நிஜமான பயம்.

அந்த டியூப்பின் ஸ்டிக்கரில் பெயரைப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சைப் பார்த்தால், பல நேரம் அங்கே உட்கார்ந்திருப்பவர் குண்டானவர் இல்லை. கையும் காலும் மெலிந்து, சட்டை பட்டன் வயிற்றில் மட்டும் இறுக்கமாக இருக்கிற நடுத்தர வயதுக்காரர்.

5 நவம்பர்

வெறும் வயிற்றில் எடுத்ததுதான், இடுப்பு 94 என்று தம்பி எழுதியிருக்கிறார். சரி, விஷயம் பிடிபட்டுவிட்டது.

நம் ஆட்களுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தான் எல்லை. உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற பிஎம்ஐ உங்களுக்கு 21.6. எந்தப் பட்டியலிலும் நார்மல். வெள்ளைக்காரர்களுக்கு 25-லிருந்து அதிக எடை. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-ல் சொன்னது. நீங்கள் அந்த 23-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் வயிறு எல்லையைத் தாண்டிவிட்டது.

இதே 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடைக்கணக்கில் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு. சுகர் வந்தவர்கள் எல்லாரும் ஒருமுறை அந்தப் படத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. தராசு உங்கள் எலும்பு, சதை, கொழுப்பு, குடித்த தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. எது எவ்வளவு, எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை.

6 நவம்பர், நள்ளிரவு தாண்டி

எண்ணெய் தொடாதவனுக்கு ஏன் 312 என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

எங்கள் பாட்டி வீட்டில் பத்தாயம் இருந்தது. அறுவடை நெல் முதலில் அதற்குள் போகும். அது நிறைந்தபிறகும் வண்டி வந்தால் கூடத்தில் கொட்டுவார்கள், பிறகு தாழ்வாரத்தில். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் உடம்பின் பத்தாயம். சிலருக்கு அது பெரியது, எவ்வளவு போட்டாலும் வாங்கிக்கொள்ளும். நமக்குப் பிறவியிலேயே சின்னது. சீக்கிரம் நிறைந்து, மிச்சம் கல்லீரலிலும் கணையத்திலும் குடலைச் சுற்றியும் போய்ச் சேருகிறது.

கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் பேச்சை அது கேட்பதில்லை. சர்க்கரையை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கூடவே கொழுப்பையும் பொட்டலம் கட்டி ரத்தத்தில் விடும். அந்தப் பொட்டலத்தில் இருப்பதுதான் ட்ரைகிளிசரைடு. வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் சொல் கேட்காமல் கரைந்து கல்லீரலுக்கே போகிறது, அது மேலும் பொட்டலம் கட்டுகிறது. ரத்தத்தில் இவை நிறைய ஆகும்போது எச்டிஎல்லோடு கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. கொழுப்பை வாங்கிக்கொண்ட எச்டிஎல் சீக்கிரம் அழிகிறது, அதனால்தான் 31. எல்டிஎல்லும் உருமாறிச் சின்னதாக, அடர்த்தியாக ஆகிறது. 95 என்ற எண் நல்லதாகத் தெரிந்தாலும் உள்ளே துகள் கூடுதலாக இருக்கலாம்.

இதில் எண்ணெய் எங்கே வந்தது? கல்லீரல் கொழுப்பைச் செய்வது பெரும்பாலும் மிஞ்சிய மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும். காலை ஆறு இட்லி, மதியம் மலையாகச் சோறு, நடுவில் டீயும் பிஸ்கட்டும், இரவு தோசை. எண்ணெய் சொட்டுகூட இல்லை, ட்ரைகிளிசரைடு ஏறும்.

8 நவம்பர்

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: மது. வாரக்கடைசியில் மட்டும்தான் என்கிறவர்களின் திங்கட்கிழமை ரத்தத்திலும் தெரியும். தைராய்டு குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறும், டிஎஸ்எச் என்ற தைராய்டு டெஸ்ட் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தம்பி குடிப்பதில்லை என்கிறார், தைராய்டு பார்க்கவே இல்லையாம்.

11 நவம்பர்

சிங்கப்பூர் அண்ணன் ஒருவர், ‘எடை குறைந்தாலே எல்லாம் சரியாகிவிடும், எனக்கு ஆறு கிலோ தானாகவே இறங்கிவிட்டது, சந்தோஷமாக இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார். அண்ணே, அந்தத் ‘தானாகவே’ என்ற சொல்தான் எனக்குப் பயம். சுகர் கட்டுக்குள் இல்லாதபோது சர்க்கரை சிறுநீரில் போகும், அதோடு கலோரியும் போகும். உடம்பு சதையையும் கொழுப்பையும் கரைத்துச் சமாளிக்கும். எடை இறங்கும், ஆனால் அது நோய் ஏறுவதன் அடையாளம். ராத்திரியில் எத்தனை முறை எழுந்து போகிறீர்கள், தாகம் எப்படி இருக்கிறது? இன்றே சுகர் பாருங்கள்.

என் கதையே இதுதான். சுகர் தெரிவதற்கு முன்னால் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். ‘இளைத்தபிறகு அழகாக இருக்கிறாய்’ என்று கல்யாண வீட்டில் சொன்னார்கள். அப்போது என் ட்ரைகிளிசரைடு 400-க்கு மேலே. ரத்தத்தில் இருக்கும் கொழுப்புப் பொட்டலத்தைப் பிரித்து எடுக்க ஒரு நொதி வேண்டும். இன்சுலின் போதாதபோது அது சரியாக வேலை செய்யாது, பொட்டலம் தேங்கிவிடும். மாத்திரை ஆரம்பித்து சுகர் இறங்கியதும் எடை ஏறியது, ட்ரைகிளிசரைடு பாதிக்கும் கீழே வந்தது. எடை மேலே, கொழுப்பு கீழே! தராசை மட்டும் நம்பியிருந்தால் மாத்திரையை நிறுத்தியிருப்பேன்.

12 நவம்பர்

எந்த சுகர் மருந்து எடையைக் கூட்டும் என்று மதுரை அக்கா கேட்டதற்கு: இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் மூன்றும் எடையைக் கூட்டக்கூடியவை. மெட்ஃபார்மின் கூட்டாது, கொஞ்சம் குறைக்கலாம். டாபாகிளிஃபுளோசின் வகை இரண்டு மூன்று கிலோ குறைக்கும். செமாகுளூட்டைடு, டிர்செபட்டைடு ஊசிகள் நிறையவே குறைக்கும். எடை கூடுகிறதே என்று இன்சுலினை நிறுத்திவிடாதீர்கள் அக்கா. டாக்டரிடம் சொன்னால் கூட வேறு மருந்து சேர்த்துச் சரிசெய்வார்.

16 நவம்பர்

எடை குறைப்பதற்கு நான் எதிரி இல்லை. வேண்டுமென்றே, சுகர் கட்டுக்குள் இருக்கும்போது குறைப்பது அருமருந்து. இங்கிலாந்தில் ராய் டெய்லரும் ஸ்காட்லாந்தில் மைக் லீனும் நடத்திய டைரக்ட் ஆய்வின் முதல் முடிவு 2017-ல் வந்தது. சுகர் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்களுக்குச் சில மாதம் நாளுக்கு 850 கலோரி வரை மட்டும் திரவ உணவு. ஒரு வருஷத்தில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் சுகர் இல்லாத நிலைக்கு வந்தார்கள். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். இரண்டாம் வருஷத்தில் மொத்தம் 36 சதவீதமாகக் குறைந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அவர்கள் எல்லாரும் பிஎம்ஐ 27-க்கு மேலே. ஒல்லிகளுக்கு? டெய்லர் அதையும் பார்த்தார். பிஎம்ஐ 27-க்குக் கீழே இருந்த 20 பேரை எடை குறைக்க வைத்ததில் 14 பேருக்கு சுகர் நீங்கியது. அவர் சொல்வது: ஒவ்வொருவருக்கும் தனி எல்லை உண்டு, அதைத் தாண்டினால் கொழுப்பு வழிகிறது, ஊருக்குப் பொதுவான எடை எதுவும் கிடையாது. எனக்கு இது முழுச் சம்மதம். தம்பிக்கு 61 கிலோ அதிகம் என்றால் சிரிப்பார்கள். ஆனால் அவருடைய கல்லீரலுக்கு அது அதிகமாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 850 கலோரியை வீட்டில் நீங்களாக முயல வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடோ போடுகிறவர் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் சுகர் தாழ்ந்து மயங்கி விழுவார். அந்த ஆய்விலேயே முதல் நாளில் சுகர் மாத்திரைகளை நிறுத்திவிட்டார்கள், டாக்டர் மேற்பார்வையில்.

17 நவம்பர்

தராசு அசையாவிட்டால் மனம் விட்டுப்போகிறவர்களுக்கு நம் ஊர் ஆய்வு ஒன்று. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சுகர் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் தொடர்ந்தது, 2006-ல் வெளியானது. நடை, சாப்பாட்டு மாற்றம் மட்டும் செய்தவர்களில் சுகர் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை குறையவில்லை! நடந்தால் தசை சர்க்கரையையும் கொழுப்பையும் எரிக்கிறது, எடை மெஷின் அதைப் பார்ப்பதில்லை. எடை இறங்கவில்லை என்று நடையை விட்டவர்களைத் தெரியும், வருத்தமாக இருக்கும்.

23 நவம்பர்

‘என் பெரியம்மா 84 கிலோ, சுகரும் உண்டு, லிப்பிட் எல்லாம் சுத்தம். அப்போ எடை நல்லதா?’ என்று ஒரு கேள்வி. நல்லது என்று சொல்ல மாட்டேன், முழங்காலும் ரத்த அழுத்தமும் தனிக் கணக்கு. ஆனால் இடுப்புக்குக் கீழேயும் தொடையிலும் சதை போடுகிற பெண்களுக்கு ட்ரைகிளிசரைடு குறைவாக இருப்பது ஆச்சரியம் இல்லை. பத்தாயம் பெரியது. மாதவிலக்கு நின்றபிறகு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும், அதனால் பெரியம்மாவுக்கும் வருஷம் ஒருமுறை டெஸ்ட் வேண்டும்.

30 நவம்பர்

ஒல்லியாக இருந்தால் டைப் 5 தானே என்று கேட்டவருக்கு. இல்லை. சின்ன வயதிலிருந்து ஊட்டச்சத்து இல்லாமல் வளர்ந்து, பிஎம்ஐ 18.5-க்கும் கீழே இருக்கிற இளம் வயதினருக்கு வருவது அது. வேலூர் சிஎம்சி டாக்டர்கள் அதைப் பற்றி ரொம்பக் காலமாக ஆராய்ந்தவர்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2025 ஏப்ரலில் பாங்காக் மாநாட்டில் அந்தப் பெயரை ஏற்றது. அங்கே குறை இன்சுலின் சுரப்பில். தம்பிக்கு இடுப்பு 94, ட்ரைகிளிசரைடு 312. இது நம் டைப் 2-வேதான்.

14 டிசம்பர்

சாப்பாடு என்ன மாற்றினீர்கள் என்று தம்பியிடம் கேட்டதற்கு நீளமாக எழுதியிருக்கிறார், நல்ல மாற்றங்கள். முழுத் தட்டு பொன்னிச் சோறு பாதியாகிவிட்டது, அந்த இடத்தில் கீரை, சுண்டல், முட்டை. காலையில் இட்லி மூன்று, சாம்பார் நிறைய. கூழ் நல்லது என்று கேழ்வரகை அண்டா நிறையக் குடிப்பதை நிறுத்தியது மிக நல்ல காரியம், அதுவும் மாவுதான்.

சோற்றை விடு என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் ஐசிஎம்ஆர்-இன்டியாப் என்ற நாடு தழுவிய சுகர் ஆய்வின் 2025 கட்டுரையில் இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று வந்திருக்கிறது. இதே ஆய்வின் முதல் கட்டத்தில், தமிழ்நாடும் சேர்ந்த நான்கு இடங்களில் எச்டிஎல் குறைவு 72.3 சதவீதம் பேருக்கு, எல்டிஎல் அதிகம் 11.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. இந்த இரண்டு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கொலஸ்ட்ரால் என்றதும் முட்டை மஞ்சளைத் தூக்கிப்போடுகிறோம், சோற்றுக் கரண்டியை யாரும் கவனிப்பதில்லை.

17 ஜனவரி 2026

பொங்கல் வாரம் லேபில் கூட்டம் இல்லை. ‘கரும்பு தின்றுவிட்டேன், அடுத்த வாரம் வருகிறேன்’ என்று போனில் சொல்கிறார்கள். பண்டிகை முடிந்து சாப்பாடு வழக்கத்துக்கு வந்தபிறகு எடுப்பது சரிதான், ஒரேயடியாகத் தள்ளிப்போடாமல் இருந்தால். முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்து, காலை எட்டுக்குள் வந்துவிடுங்கள்.

1 பிப்ரவரி

தம்பியின் புது ரிப்போர்ட்: எடை 58, இடுப்பு 90. மூன்று மாதச் சராசரி 6.9. மொத்தக் கொலஸ்ட்ரால் 161, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 176, எல்டிஎல் 92. டிஎஸ்எச் நார்மல். கொழுப்பு மாத்திரை இதுவரை போடவில்லையாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மூன்று மாதம் பார்த்தாராம்.

ரொம்ப சந்தோஷம் தம்பி. வெறும் மூன்று கிலோவுக்கு 312 இப்படி இறங்கியிருக்கிறது. உங்கள் சோற்றுக் கரண்டிக்கும் மாலை நடைக்கும் கிடைத்த பலன் அது.

ஆனால் எல்டிஎல்லைப் பாருங்கள். 95 இருந்தது 92. அசையவில்லை. எடை குறைப்பில் ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும், எச்டிஎல் மெதுவாக ஏறும், எல்டிஎல் பெரிதாக மாறாது. அமெரிக்காவில் சுகர் உள்ள 5,145 பேரை வைத்து நடந்த லுக் அஹெட் ஆய்விலும் இதே போக்கு. முதல் வருஷம் 8.6 சதவீத எடை குறைத்தார்கள். சுகர், ட்ரைகிளிசரைடு, ரத்த அழுத்தம் எல்லாம் தேறின. மாரடைப்பு, பக்கவாதம் மட்டும் மற்ற குழுவைவிடக் குறையவில்லை என்று 2013-ல் அறிவித்தார்கள்.

மாரடைப்பைக் குறைத்துக் காட்டியது ஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை வகை. 2004-ல் வந்த கார்ட்ஸ் ஆய்வில் 2,838 டைப் 2 நோயாளிகள், எல்டிஎல் அதிகம் இல்லாதவர்கள், முன்பு மாரடைப்பே வராதவர்கள். அதில் ஒன்றான அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. கொடுத்ததில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்தன. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இரண்டு வருஷம் முன்னதாக முடித்தார்கள். நாற்பது தாண்டிய, சுகர் உள்ளவருக்கு எல்டிஎல் எண் சுமாராக இருந்தாலும் டாக்டர் எழுதுவது இதனால்தான். ட்ரைகிளிசரைடை மட்டும் குறி வைத்த ஃபெனோஃபைப்ரேட் என்ற மாத்திரைக்கு 2005-லும் 2010-லும் வந்த பெரிய ஆய்வுகளில் முக்கியப் பலன் நிரூபணமாகவில்லை.

1 பிப்ரவரி, இரவு

ஸ்டாட்டின் சுகரைக் கூட்டுமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கூட்டும், லேசாக. ஏற்கெனவே சுகர் உள்ளவருக்கு மூன்று மாதச் சராசரியில் சின்ன வித்தியாசம். அதற்காக இதயப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை, நானும் தினமும் இரவில் போடுகிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன் கல்லீரல் டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள். ஆரம்பித்து இரண்டு மூன்று மாதம் கழித்து லிப்பிட் மறுபடி. அப்போதுதான் அந்த 92 எவ்வளவு இறங்கியது, டோஸ் போதுமா என்று டாக்டரால் சொல்ல முடியும். காரணமில்லாமல் தொடையிலும் தோளிலும் தசைவலி வந்தாலோ சிறுநீர் பழுப்பாகப் போனாலோ தாமதிக்காமல் சொல்லுங்கள். டேப்பைப் பீரோவில் வைத்துவிடாதீர்கள், 90 இன்னும் எல்லையில்தான் நிற்கிறது.